சிவப்புப் பைப் பலாக்கன்று

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் நாற்றுப்பண்ணையின் பின்பக்கத்துப் பச்சை வலைக்கு அடியிலிருந்து, சிவப்புப் பெயின்ட் அடித்த பையோடு ஒரு பலாக்கன்றைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கியவரே, நீங்கள் திருடர். ஆணா பெண்ணா, போளூர்ப் பக்கமா வேலூர்ப் பக்கமா, எனக்குத் தெரியாது. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு நம்பிக்கை. செடிமேல் ஆசைப்பட்டுக் கை நீட்டுகிறவர்கள், செடியைப் பற்றி எங்கே எழுதியிருந்தாலும் படிக்காமல் விடமாட்டார்கள்.

செடி விற்கிற தொழிலில் உள்ள கேவலமே இதுதான். புடவைக் கடையில் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகினால் அது திருட்டு. செடிக் கடையில் செருகினால் அது ஐதீகம். திருடி நட்டால்தான் தழைக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டுப் போய்விட்டான். ஜமுனாமரத்தூர் ரோட்டோரத்தில் பதினான்கு வருடமாக உட்கார்ந்து அதன் பலனை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். மொட்டை மாடியில் நாலு தொட்டியை வைத்துக்கொண்டு எறும்போடும் மாவுப்பூச்சியோடும் மல்லுக்கட்டுகிற உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்கள் நடுவில் பலாவைத் தூக்கிய அந்த ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார். இருக்கட்டும், அவரும் கேட்கட்டும்.

திருடுவதற்குத் தனி ரேட்டு

போளூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். வீட்டுக்காரர் காரைவிட்டு இறங்கவில்லை. மேசைமேல் இருந்த மணிபிளான்ட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். முப்பது என்றேன். பர்ஸைத் திறந்தவர் மூடிவிட்டார். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க. இத காசு குடுத்து வாங்கினா வளராதாம். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா? நான் திருடிக்கிறேன். காச டேபிள் மேல வெச்சிடறேன்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் சாமான். ஆனாலும் பதினைந்து வயதில் ஒடுகத்தூர்ச் சந்தையில் தனியாகக் கீரைக்கட்டு விற்று வளர்ந்தவள் நான். முதலில் வியாபாரம், அப்புறம்தான் கோபம். "வாங்கறதுன்னா முப்பது. திருடறதுன்னா நாப்பது" என்றேன். அந்த அம்மாவும் சளைக்கவில்லை, திருட்டுக்கே பேரம் பேசி முப்பத்தைந்தில் முடித்தார். நான் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் பூனை நடை. கவர் சரசரக்கிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம்தான் நிற்பது? கழுத்து அரித்தது, லேசாகத் தலையைத் திருப்பினேன்.

"திரும்பாதீங்கம்மா, பாத்துட்டா வேர் வுடாது!"

வாடகைக்காரன்

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர். பேரத்தில் என்னை மடக்கிய ஒரே ஆள் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அவர் முகத்துக்கு நேரே அதைக் காட்டியதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஓர் ஒட்டு எலுமிச்சை வாங்கிப்போனார். பிரியாணிக்கு வீட்டு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும் என்று ஆசை. ஒருநாள் அதைத் தொட்டியோடு வண்டியில் ஏற்றிவந்து என் கடை வாசலில் இறக்கினார். செடி ஆள் உயரம், இலை கரும்பச்சை. பூ இல்லை, காய் இல்லை. "ஏமாத்திட்டியே மா" என்றார். அந்தச் சொல் என் காதில் விழுந்தால் என்ன நடக்கும் என்று காசியம்மாவுக்குத் தெரியும். காசியம்மா என்னிடம் மண் கலந்து பை நிரப்புகிறவள், இந்த மலைக்காரி. பூவாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்விட்டாள்.

ஏனென்றால் ஏமாந்தவள் நான். தொழில் தொடங்கிய வருடம் ஒட்டுக்கன்று என்று இருநூறு வாங்கினேன். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒட்டே இல்லை. விதையில் முளைத்த கன்றுக்குச் சும்மா டேப் சுற்றிக் கொடுத்திருந்தான் ஒருவன். இனி என் ஒட்டை நானே கட்டுகிறேன் என்று அன்றைக்குப் பிளேடைக் கையில் எடுத்தவள்தான். ஆகவே பாயிடம் பாயாமல், குந்தி உட்கார்ந்து அவர் செடியை அடியிலிருந்து பார்த்தேன். ஒட்டுக்கு மேலே இருந்த நல்ல எலுமிச்சை எப்போதோ காய்ந்து சுள்ளியாக நின்றது. வேருக்காகக் கீழே வைத்திருந்த முள் எலுமிச்சை துளிர்த்து, அதுதான் இப்படி ஆளுயரம் ஏறியிருந்தது.

"பாய், ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா கிள்ளிப் போடுன்னு தலதலயா அடிச்சினு சொன்னேனா இல்லியா? கீழ கீறது முரடு. வுட்டா மேல கீறதோட சாப்பாட்ட எல்லாம் அதுவே தின்னுடும்" என்றேன். பாய் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"அப்ப வூட்டுக்காரனக் காலி பண்ணிட்டு வாடகைக்காரன் உக்காந்துனு கீறானா? மூணு வருசமா அவனுக்கா மா நான் தண்ணி ஊத்தினேன்!"

வேர்க்கிற ரோஜா

சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மலைக்கு வந்தபோது என்னிடம் ரோஜா வாங்கிப்போனவர். இங்கே காலையில் பனி இறங்குகிறது, மதியம் வெயில் பதமாக அடிக்கிறது, சாயங்காலம் காற்று சிலுசிலுக்கிறது, பூக்கிறது. அங்கே ராத்திரிகூடப் புழுங்குகிறது. இலையெல்லாம் வாடித் தொங்குதுங்க, செடிக்கு வேர்க்குதுன்னு நெனக்கிறேன், பாவமா இருந்துச்சு, வீட்டுக்குள்ள கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில வெச்சிருக்கேன் என்றார். ரோஜாவுக்கு வேண்டியது வெயில், அதை வெளியே வையுங்கள் என்று பத்து நிமிடம் தொண்டை கிழியச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க, அப்ப ஏசி ரூம்ல வெக்கவா, ஹால்லயே இருக்கட்டுமா?"

வீடியோ வைத்தியம்

ஒடுகத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். செம்பருத்தி வாங்கிப்போனாள். போனில் ஒரு வீடியோ பாக்கி இல்லாமல் பார்க்கிறவள். திங்கட்கிழமை முட்டை ஓடு, செவ்வாய்க்கிழமை வெங்காயத் தண்ணீர், புதன்கிழமை புளித்த மோர், வியாழக்கிழமை வாழைப்பழத் தோல், வெள்ளிக்கிழமை மட்டும் செடிக்கு விரதம், வெறும் அரிசி கழுவிய தண்ணீர். ஒரு மாதம் கழித்துத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லையாம். நான் கிட்டே போனேன். ஏன் உட்காரவில்லை என்று தெரிந்தது.

"இது இன்னா செடியா, ஓட்டல் குப்பத் தொட்டியா?" என்று கத்தினேன். மண்ணைக் கொட்டி, வேரைக் கழுவி, புதுச் செம்மண்ணும் தொழுவுரமும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"எறும்பு வந்துச்சி, ஈ வந்துச்சி, பக்கத்து வூட்டுப் பூனகூட வந்துச்சிக்கா. பூ மட்டும்தான் வர்ல."

ஒன்பதில் ஒன்று

இப்போது அந்தப் பலாவுக்கு வருகிறேன். சின்னாண்டி அண்ணன் நெல்லிவாசல்நாட்டுக்காரர், சாமையும் கேழ்வரகும் போடுகிறவர். போன சித்திரையில் காற்றும் மழையும் அடித்த மறுநாள் ஷேர் ஜீப்பில் வந்திறங்கி, ஈரத் துண்டில் சுருட்டிய எதையோ என் மேசைமேல் வைத்தார். பிரித்தால் பலாக் குச்சிகள். அவர் கொல்லையில் நின்ற பலா வேரோடு சாய்ந்துவிட்டது. அந்த மரத்துப் பழத்தை நான் தின்றிருக்கிறேன். தலையணை அளவுகூட இருக்காது, உள்ளே சுளை செங்காவி நிறத்தில் இருக்கும். வருடா வருடம் மூன்று தங்கச்சி வீட்டுக்கும் அந்தப் பழத்தைச் சுமந்துபோய் இறக்கிவிட்டு வருவது அவர் வழக்கம். "பொடவ எடுத்துனு போனாக்கூட வாங்கி ஓரமா வெச்சிட்டு, பலாப்பழம் எங்கண்ணாம்பாங்க" என்றார். விதை போட்டால் அதே பழம் வராது. அதே பழம் வேண்டுமென்றால் குச்சியை வேறொரு பலாக்கன்றின்மேல் ஒட்டுக் கட்டியாக வேண்டும்.

குச்சி வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே இலையைக் கிள்ளிவிட்டு மொட்டைத் திரட்ட வேண்டும். காற்றில் சாய்கிற மரம் பத்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டா சாயும்? வந்ததை வைத்து ஒன்பது கட்டினேன். எட்டு கறுத்துப்போயின. ஒன்பதாவது ஒரு மாதம் சும்மா நின்று என் உயிரை வாங்கிவிட்டு, வைகாசிக் கடைசியில் பச்சையாக ஒரு நுனி நீட்டியது. தவறிப்போய் விற்றுவிடக் கூடாது என்று பைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பின்பக்கம் வைத்தேன். அண்ணன் பார்க்க வந்தார், கூலி பேசினோம். காய்த்ததும் முதல் பழம் எனக்கு என்றேன். அது பெரிய தங்கச்சிக்கு என்றார். இரண்டாவது? அது நடு தங்கச்சிக்கு. மூன்றாவதைக் கேட்கவே விடவில்லை. நாலாவது பழத்தில் பேரம் முடிந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் வந்து எடுத்துப்போங்கள் என்றேன். மற்ற எட்டும் போய்விட்டதே என்று எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஒண்ணு நின்னுச்சி இல்ல, போதும்மா. எங்கூட்டு ஆம்பளப் புள்ளைங்கள்ல நானும் அப்டி நின்னவன்தான்."

குரங்குக்கு விடுதலை

அந்த ஆடி ஞாயிறு அருவிக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கடை முன்னால் ஒருவர் ரோஜாவுக்குப் பேரம் பேசினார். நான் நூற்றிருபது என்றேன், அவர் நூறு என்றார். இருபது ரூபாய்க்கு அரைமணி நேரம். இரண்டு பேரும் இறங்கவில்லை. என் பிறந்த கதை, நான் கீரை விற்ற கதை, உரம் விற்கிற விலை, எல்லாவற்றையும் சொல்லி, அம்மன்மேல் சத்தியமும் செய்தேன். கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் அவர் நூற்றிருபதை வைத்தார். ஜெயித்த தெம்பில் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனேன். தூறலில் நனைந்த தரையில், சிவப்புப் பை இருந்த இடத்தில் மட்டும் காய்ந்த வட்டம் ஒன்று இருந்தது.

முதலில் சந்தேகத்தில் குரங்கைத்தான் பிடித்தேன். அவற்றுக்கும் எனக்கும் பழைய வழக்கு. செடியில் கட்டிய பேர் அட்டைகளைப் பிய்த்து மாற்றிப் போட்டுவிடும். அதனால் என்னிடம் கொய்யா வாங்கிய ஒரு வாத்தியார் இன்றைக்கு நாவல் பழம் பறித்துக்கொண்டிருக்கிறார். கல்லை எடுத்துப் புளியமரத்தைப் பார்த்து ஓங்கினேன். காசியம்மா கையைப் பிடித்தாள். "கொரங்கா இருந்தா நுனியத் தின்னுட்டு பைய வுட்டுட்டுப் போயிருக்கும். பையோட, பின்வழியா, நீ கத்தினு கீற நேரம் பாத்துத் தூக்கினு போயிருக்குன்னா அது மனுசன்தான்" என்றாள். கல் கையிலேயே நின்றது. அவள் மறுபடி மண் கலக்கப் போய்விட்டாள். போகிற போக்கில் திரும்பாமலே சொன்னாள்.

"அந்த இருபது ரூபாய வுட்டுக்குடுத்திருந்தா பலா தங்கியிருக்கும்க்கா."

வந்த பலா

அதற்கப்புறம் பலா என்று எவர் வாயைத் திறந்தாலும் என் கண்ணுக்குத் திருடராகத் தெரிந்தார்கள். ஒடுகத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மண்புழு உரம் வாங்க வந்தார். "தொட்டியில ஒரு பலாக்கன்னு வெச்சிருக்கேம்மா, சும்மா திமுதிமுன்னு வளருது" என்றார். எங்கே வாங்கினீர்கள் என்றேன், குரலைப் பதமாக வைத்துக்கொண்டு. "வாங்கலம்மா, வந்துச்சி" என்றார். வந்துச்சி! கால் முளைத்து வந்ததா? உரத்தைக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காசியம்மாவிடம் கடையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மலையிறங்கி அவர் வீட்டு மாடியில் போய் நின்றேன்.

அது ரப்பர் செடி. தடித்த இலை, பளபளவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி. மருமகன் வீடு மாற்றும்போது விட்டுப்போனது. அதில் பழம் தொங்கும் என்று இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார் மனுசர். கிளை தாங்காதே என்று மூங்கில் முட்டுக்கூடக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் வீட்டம்மா டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைக்க, அந்த முறுக்கைக் கடித்த வாயால் பொய் சொல்ல முடியாமல், எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன். பெரியவர் முகம் சுருங்கியது. தன் செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வியாபாரி இல்லையா, அரை நிமிடத்தில் தெளிந்துவிட்டார்.

"பலா இல்லன்னா போவட்டும்மா. என்னத் திருடன்னு நெனச்சி பஸ் ஏறி வந்த பாரு, அதுக்கு ரெண்டு கன்னு சும்மா குடுத்துடு."

கொடுத்தேன். பதினான்கு வருடத்தில் நான் சும்மா கொடுத்த முதல் செடிகள் அவை. அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதுகிறேன், சிவப்புப் பைக்காரரே.

சின்னாண்டி கேட்டது

ஐப்பசி மழை பிடித்தது. சின்னாண்டி அண்ணன் ஜீப்பை விட்டு இறங்கினார், கையில் கன்று வைத்துப்போக ஒரு மூங்கில் கூடை. குழி எடுத்துவிட்டாராம். தழை போட்டு மக்க வைத்துவிட்டாராம். ஆடு வாய் வைக்காமல் சுற்றி முள்வேலியும் கட்டிவிட்டாராம். எப்படிச் சொல்வது என்று நான் மூன்று மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்ததோ, "இன்னாண்ணா, வர்றேன்னுட்டுப் போனா இத்தினி நாள் கழிச்சா வருவ?" தப்பு என்மேல் இருக்கும்போது என் குரல் இன்னும் ஒரு படி ஏறும், அது பழகிப்போன வியாதி. பின்னாலிருந்து காசியம்மா, "யக்கா, விசயத்தச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். ரோஜா, இருபது ரூபாய், காய்ந்த வட்டம், எல்லாம். அவர் உர மூட்டைமேல் உட்கார்ந்தார். கூடையைக் கீழே வைக்கவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால் திருப்பிக் கொடுக்க என்னிடம் பதில் இருந்தது. அவர் திட்டவில்லை. பாயின் எலுமிச்சைக் கதையை ஒட்டுக் கட்டின அன்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன். அதைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துனு போனவங்களுக்கு, அடியில வர்ற துளிரக் கிள்ளணும்னு தெரியுமாம்மா?"

இனி உங்களிடம்

தெரியுமா உங்களுக்கு? நான் விற்கிற ஒவ்வொரு ஒட்டுக்கன்றோடும் அந்த ஒரு வரியையும் சேர்த்துத்தான் விற்கிறேன். நீங்கள் கன்றைத் தூக்கினீர்கள், வரியை விட்டுவிட்டீர்கள். வந்து கேட்கவும் உங்களால் முடியாது. ஆகவே கூலி இல்லாமல் சொல்கிறேன், கேளுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைத் தடவிப் பாருங்கள், முடிச்சு மாதிரி புடைத்திருக்கும். இன்னும் டேப் இருந்தால் பதமாகக் கீறி எடுத்துவிடுங்கள், கழுத்தை நெரிக்கும். முடிச்சுக்குக் கீழே எத்தனை அழகாகத் துளிர் வந்திருந்தாலும் இரக்கப்படாதீர்கள், இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துபோய்க் கிள்ளுங்கள். திருடி நட்டது தழைக்கும் என்பது நிஜமாகவே இருக்கட்டும். தழைப்பது சின்னாண்டியின் பலாவா, அடியிலிருந்து ஏறின முரட்டுப் பலாவா என்பது உங்கள் விரலில் இருக்கிறது.

அவர் குழியை மூடவில்லை. வேலியையும் பிரிக்கவில்லை. தங்கச்சிகள் கேட்டால், கன்று இன்னும் நர்சரியில்தான் இருக்கிறது, அந்தம்மா கறாரான ஆளு, பதம் வராமல் தரமாட்டேன் என்கிறது என்று என் பேரைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பொய்யை எத்தனை வருடம் அவர் சுமப்பார்?

கன்று உங்கள் மண்ணில் வேர் பிடித்திருந்தால் பிடுங்க வேண்டாம், செத்துப்போகும். எனக்கு வேண்டியது முடிச்சுக்கு மேலே இரண்டே இரண்டு நுனிக் குச்சி, பென்சில் தடிமன் போதும். வருகிற சித்திரை ஒன்றாம் தேதி இலைகளை மட்டும் கிள்ளிக் காம்பை விட்டுவையுங்கள். பத்தாம் நாள் விடிகாலையில் வெட்டி, ஈரத் துணியில் சுருட்டி, வெயில் ஏறுவதற்குள் என் மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். பேர் கேட்கமாட்டேன். ஊர் கேட்கமாட்டேன். கத்தவும் மாட்டேன், காசியம்மா இதை நம்பாமல் சிரிக்கிறாள், ஆனாலும் கத்தமாட்டேன்.

இருபது ரூபாய்க்கு அரைமணி நேரம் தொண்டை கிழித்த இந்தப் பொம்பளை அன்றைக்கு மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறேன், கழுத்து எவ்வளவு அரித்தாலும் பின்னால் பார்க்கமாட்டேன், என் கண்ணில் படாமல் எடுத்துப்போகத் தெரிந்த உங்களுக்கு என் கண்ணில் படாமல் கொண்டுவந்து வைக்கவா தெரியாது, வையுங்கள்.